பல் மருத்துவர்களின் கழுத்து, முதுகு, கை வலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் மாவட்டத்துச் சிறு ஊர் ஒன்றில் 22 ஆண்டுகளாகப் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். பத்தாவது ஆண்டில் ஒரு நாள் இரவு, கிளினிக்கைப் பூட்டிவிட்டு வண்டியைப் பின்னால் எடுக்கத் திரும்பிப் பார்த்தேன். கழுத்து திரும்பவில்லை. அதற்கு முன் இரண்டு வருடமாக அது வலித்துக்கொண்டுதான் இருந்தது. "இன்றைக்கு பேஷன்ட் ஜாஸ்தி" என்று சொல்லித் தள்ளிப்போட்டிருந்தேன். அந்த இரவுக்குப் பிறகு பிசியோதெரபிஸ்டிடம் போனது, உட்காரும் முறையை முதலிலிருந்து கற்றது எல்லாம் தெரிந்து, ஜூனியர் மருத்துவர்கள் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

உட்கார்ந்துகொண்டுதானே வேலை செய்கிறோம்? மூட்டை தூக்குகிறவர்களுக்கு வருவதுபோல நமக்கு ஏன் வலி வருகிறது?

மூட்டை தூக்குகிறவரின் தசை சுருங்கும், விரியும். விரியும்போதெல்லாம் ரத்தம் உள்ளே வந்து கழிவை எடுத்துக்கொண்டு போகும். நாம் ஒரு கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்யும்போது கழுத்தும் தோளும் முக்கால் மணி நேரம் ஒரே நிலையில் இறுகி நிற்கின்றன. சுருங்கிய தசை தன் ரத்தக் குழாய்களைத் தானே அழுத்திக்கொள்கிறது. சுமை சிறியதுதான், ஆனால் இறக்கி வைக்கவே மாட்டோம். தண்ணீர்ச் செம்பை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் புரியும்.

அதோடு தலையின் எடையும் இருக்கிறது. மனிதத் தலை சுமார் 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்போது முதுகெலும்பு அதை நேராகத் தாங்கிக்கொள்ளும். குனியக் குனிய, பின்கழுத்துத் தசைகள் அதை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் 2014இல் ஒரு கணினி மாதிரி வைத்துக் கணக்கிட்டார். 15 டிகிரி குனிந்தால் கழுத்தில் விழும் சுமை ஏறக்குறைய 12 கிலோ, 30 டிகிரியில் 18 கிலோ, 60 டிகிரியில் 27 கிலோ. அவர் பேசியது செல்போன் பார்ப்பவர்களைப் பற்றி. ஆனால் மேல் கடைவாய்ப் பல்லை நேரடியாகப் பார்க்க முயலும் ஹவுஸ் சர்ஜனைப் பக்கவாட்டிலிருந்து போட்டோ எடுத்துப் பாருங்கள், அந்தக் கோணத்துக்குக் குறையாது. நாம் அதோடு தலையைச் சாய்க்கவும் செய்கிறோம், திருப்பவும் செய்கிறோம்.

எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2009இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பல் மருத்துவத் துறையினரில் 64 முதல் 93 சதவீதம் பேருக்குத் தசை, மூட்டு வலி இருப்பதாக வந்தது. உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அன்று இரவு முழுக்க பதில் வந்துகொண்டே இருக்கும்.

பழைய டாக்டர்கள் நின்றுகொண்டேதான் பல் பார்த்தார்கள். அவர்களுக்கு இதெல்லாம் இல்லையே?

இருந்தது, வேறு இடத்தில் இருந்தது. நாள் முழுக்க நிமிர்ந்த நாற்காலியைச் சுற்றி நின்றவர்களுக்குக் கால், இடுப்பு, கீழ் முதுகு. 1957இல் ஜான் போர்டனின் ஏரோட்டர், அதாவது காற்றால் அதிவேகமாகச் சுழன்று பல்லைக் குடையும் கருவி, வந்தது. வேலை வேகமாயிற்று, ஒரே சிட்டிங்கில் அதிகம் செய்ய முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நோயாளியைப் படுக்க வைக்கும் சேரும், உட்கார்ந்து செய்யும் முறையும், அசிஸ்டன்டோடு நான்கு கைகளால் வேலை செய்யும் முறையும் பரவின. ஜப்பானில் இருந்த டாரில் பீச் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், நோயாளி மட்டமாகப் படுக்க வேண்டும், மருத்துவர் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று அடித்தளத்திலிருந்து யோசித்து, மொரிட்டா நிறுவனத்தின் ஸ்பேஸ்லைன் யூனிட்டை வடிவமைத்தார். அது 1964இல் வந்தது.

அவர் கேட்டது இரண்டு காரியம். நாம் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம் என்பது என் எண்ணம். உட்கார்ந்துவிட்டோம், நோயாளியைச் சரியாகப் படுக்க வைக்கவில்லை. அதனால் வலி இடுப்பிலிருந்து கழுத்துக்கும் தோளுக்கும் ஏறிக்கொண்டது.

சரி, அப்படியென்றால் எப்படித்தான் உட்கார வேண்டும்?

எல்லோரும் ஸ்டூலில் தொடங்குவார்கள். நான் நோயாளியில் தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் நம் முதுகின் கோணத்தை முடிவு செய்வது அவர் வாய் இருக்கும் இடம்.

முதலில் நீங்கள் கண்ணை மூடி, நிமிர்ந்து, தோள் தளர்ந்து, முழங்கைகள் விலாவை ஒட்டி இருக்கும்படி உட்காருங்கள். கைகளை வேலை செய்வதுபோல முன்னால் கொண்டு வாருங்கள். அவை எங்கே சந்திக்கின்றனவோ அங்கேதான் நோயாளியின் வாய் வர வேண்டும். முழங்கை மட்டத்திலோ அதற்குச் சற்று மேலோ வரும். சேரை அங்கே கொண்டு வாருங்கள். பலரும் சேரை மிக உயரமாக வைத்துவிட்டுத் தோளைத் தூக்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். தொடை இடிக்கிறது என்பதால்தான். அப்போது சேரின் முதுகுப் பகுதி தடிமனா, உங்கள் கால் அதன் அடியில் போகிறதா என்று பாருங்கள். புதிய சேர் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அந்தத் தடிமனைத்தான். எல்.ஈ.டி. லைட்டும் திரையும் அப்புறம்.

மேல் தாடை வேலை என்றால் முழுக்க மட்டமாகப் படுக்க வைத்து, ஹெட்ரெஸ்டைப் பின்னால் சாய்த்து, மோவாய் மேலே தூக்கி இருக்கட்டும். கீழ்த் தாடை என்றால் முதுகுப் பகுதியைக் கொஞ்சம் உயர்த்தி, மோவாயைக் கீழே இறக்குங்கள். இரண்டுக்கும் ஒரே நிலையை வைத்துக்கொண்டு நாம் வளைவதுதான் பெரும்பாலான கிளினிக்கில் நடக்கிறது. நோயாளியின் முகத்தைக் கடிகாரமாகவும் அவர் உச்சந்தலையை 12 மணியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். வலக்கைக்காரர் என்றால் 9 மணியிலேயே ஒட்டிக்கொண்டிருக்காதீர்கள். 11, 12 மணிக்கு, அதாவது நோயாளியின் தலைக்குப் பின்னால் போங்கள். அங்கே ஸ்டூல் உருள இடமில்லாமல் வாஷ்பேசினோ கப்போர்டோ இருந்தால் அதை நகர்த்துங்கள். என் கிளினிக்கில் சேரைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்துப் போட்டோம். பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் ஆன செலவு ஒரு கிரவுனின் கட்டணம்கூட இல்லை. என் கழுத்துக்கு அதைவிடப் பெரிய உதவி எதுவும் செய்ததில்லை.

உங்கள் பங்குக்கு: பாதம் இரண்டும் தரையில், இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரம், தலை 20, 25 டிகிரிக்கு மேல் குனியாமல். பெடல் எப்போதும் வலது காலுக்கே இருந்தால் உடல் எடை முழுக்க இடது இடுப்பில் விழும். காலையில் ஒரு கால், மதியம் ஒரு கால் என்று மாற்றிப் பழகுங்கள்.

தலையை அப்படித் திருப்புங்கள், இப்படிப் படுங்கள் என்று நோயாளியிடம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பெரியவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

இந்தத் தயக்கம்தான் நம் வலிக்குப் பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன். வாயைத் திறந்து காட்டிக்கொண்டு படுத்திருக்கும் ஒருவரை இன்னும் சிரமப்படுத்துவதா என்று நினைத்து நாமே வளைகிறோம். "அம்மா, கொஞ்சம் என் பக்கம் திரும்பிக்கோங்க, உள்ளே நல்லாத் தெரியும்" என்று சொல்லிப் பாருங்கள். தங்கள் பல்லை டாக்டர் நன்றாகப் பார்க்கிறார் என்றால் யாரும் மறுப்பதில்லை. இருபது நிமிடத்தில் ஐந்து தரம் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லுங்கள். கழுத்தைத் திருப்ப அவருக்கு ஒரு நொடி. நீங்கள் இன்று இன்னும் பன்னிரண்டு பேருக்கு வளைய வேண்டும்.

படுக்கவே முடியாதவர்கள் இருக்கிறார்கள். மூச்சிரைப்பு, இதயக் கோளாறு, மாதம் நிறைந்த கர்ப்பிணிகள், முதுகு கூன் விழுந்த பாட்டிகள். அவர்களை வற்புறுத்தக் கூடாது. சேரை அரைவாசி சாய்த்து, நீங்கள் எழுந்து நின்று செய்யுங்கள். வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உண்மையில் இடையிடையே நின்று செய்வது நல்லது. உட்காரும்போது உழைக்காத தசைகள் உழைக்கும், உழைத்தவை ஓயும்.

மௌத் மிரர் வைத்துத்தான் பார்க்கிறேன். அப்படியும் கழுத்து போகிறதே?

மிரரை உதட்டை ஒதுக்கப் பயன்படுத்துகிறீர்களா, பார்க்கப் பயன்படுத்துகிறீர்களா என்று நேர்மையாக யோசியுங்கள். காலேஜில் மேல் பற்களுக்குக் கேவிட்டி எடுக்கும்போது மிரரில் இடவலம் குழம்பும், ஸ்டாஃப் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று நேரடியாக எட்டிப் பார்த்து முடித்திருப்போம். அந்தப் பழக்கம் கூடவே வந்துவிட்டது. மறுபடி கற்க ஒரு மாதம் ஆகும். பிடுங்கிய பற்களை வைத்துப் பயிற்சி எடுத்தேன், நாற்பது வயதில். பின்பக்கம் பூசிய மிரரில் பிம்பம் இரட்டையாகத் தெரியும். முன்பக்கம் பூசியது வாங்குங்கள். தண்ணீர் தெறித்து மங்கினால் அசிஸ்டன்ட் காற்றடித்துத் துடைக்கப் பழகட்டும்.

நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணையும் சோதித்துக்கொள்ளுங்கள். வெள்ளெழுத்து வந்தது தெரியாமல் குனிந்துகொண்டே போகிறவர்கள் அநேகம். புரோகிரஸிவ் கண்ணாடி போட்டவர்கள் கிட்டப் பார்வைப் பகுதியைத் தேடி மோவாயைத் தூக்குவார்கள், அதுவும் கழுத்துக்கு ஆகாது. வேலை தூரம் 35, 40 செ.மீ. என்று சொல்லி அதற்கென்று தனிக் கண்ணாடி வாங்குவது உத்தமம்.

லூப்ஸ் வாங்கினால் வலி போய்விடுமா?

லூப்ஸ் என்பது கண்ணாடியில் பொருத்திய உருப்பெருக்கிக் குழல்கள். சரியான லூப்ஸ் நிமிர வைக்கும், தவறானது கழுத்தைக் கெடுக்கும். பார்க்க வேண்டியது உருப்பெருக்கத்தை விட இரண்டு விஷயம். ஒன்று, வேலை தூரம்: நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது அளந்ததாக இருக்க வேண்டும். ஸ்டாலில் நின்றுகொண்டு விற்பனையாளர் தரும் அளவு உங்களுடையது ஆகாது. குட்டையாக அளந்துவிட்டால், ஃபோகஸ் கிடைக்க நீங்கள் குனிந்தே ஆக வேண்டும். இரண்டு, குழல் கீழ்நோக்கிச் சாயும் கோணம். அது போதாமல் இருந்தால் கண்ணுக்குப் பதில் தலை குனியும். முதல் முறை வாங்குகிறவர்களுக்கு 2.5 மடங்கு போதும். எடை குறைவு, பார்வைப் பரப்பு அகலம். இப்போது பிரிசம் வைத்து, நேராகப் பார்த்தபடியே வாய்க்குள் பார்க்கும் வகையும் வந்திருக்கிறது. கழுத்துக்கு நல்லதுதான், விலை அதிகம், பழக நாளாகும்.

குதிரைச் சேணம் மாதிரி ஸ்டூல்?

நான் பயன்படுத்துகிறேன். தொடை கீழ்நோக்கிச் சாய்வதால் இடுப்பு முன்னால் உருண்டு, கீழ் முதுகின் இயல்பான வளைவு தானே வந்துவிடுகிறது. சேருக்கு இன்னும் அருகில் போகவும் முடிகிறது. முதல் இரண்டு வாரம் தொடை உள்பக்கம் வலிக்கும். அரை மணி, ஒரு மணி என்று கூட்டிக்கொண்டு போங்கள். புடவை கட்டிக்கொண்டு அதில் உட்கார முடியாது என்று என் தோழி ஒருவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் இப்போது முன்பக்கம் சரிவான சாதாரண ஸ்டூலில் நன்றாகத்தான் இருக்கிறார்.

இரவில் விரல்கள் மரத்துப்போகின்றன. கார்பல் டனலா?

எந்த விரல் என்பது முக்கியம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்து, இரவில் எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். சுண்டுவிரல் பக்கம் என்றால் முழங்கையில் அல்னார் நரம்பைப் பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்பும்போது மின்சாரம் பாய்வதுபோலத் தோளிலிருந்து கீழே இறங்கினால் கழுத்து நரம்பு வேர். சில சமயம் கழுத்திலும் கையிலும் சேர்ந்தே இருக்கும். நரம்புக் கடத்தல் சோதனை செய்துகொள்ளாமல் நீங்களே பெயர் வைத்துக்கொள்ளாதீர்கள். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வலி என்றால் அது நரம்பே அல்ல. தசைநாண் உறை வீக்கமாக இருக்கலாம்.

கையைக் கெடுப்பதில் ஸ்கேலிங்தான், அதாவது பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பதுதான் முதலிடம். மெல்லிய கைப்பிடியை இறுக்கிக் கிள்ளிப் பிடித்து ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை செய்கிறோம். கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு ஒன்றில் 10 மி.மீ. விட்டமுள்ள, உருண்டையான, நுனி குறுகிய, 15 கிராமுக்கு மிகாத கைப்பிடிக்குத்தான் விரல் விசை மிகக் குறைவாகத் தேவைப்பட்டது. உங்கள் டிரேயில் இருக்கும் பழைய ஸ்கேலரை எடுத்து அளந்து பாருங்கள். மொக்கையான முனை இன்னொரு காரணம். ஆர்கன்சாஸ் கல்லில் தீட்ட ஐந்து நிமிடம். அது இல்லாமல் காரையோடு மல்லுக்கட்டினால் கட்டைவிரல் மூட்டுதான் அந்தக் கணக்கைத் தீர்க்கும். கையுறையும் பாருங்கள்: இடதுக்கும் வலதுக்கும் பொதுவான கையுறை கட்டைவிரலைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். அளவு சிறியதாக இருந்தால் இன்னும் மோசம்.

ஏரோட்டர் டியூப் கையை இழுக்கிறதா? அதை முன்கை மேல் ஒரு சுற்றுப் போட்டுக்கொள்ளுங்கள். எளிய வழி, ஆனால் காலேஜில் யாரும் சொல்லித் தரவில்லை.

ஓய்வெடுக்க நேரமே இல்லை. வரிசையாக ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஓய்வு நேரம் வேலைக்குள்ளேயே இருக்கிறது. கீழ்த் தாடைக்கு மரப்பு ஊசி போட்ட பிறகு ஐந்து நிமிடமாவது காத்திருக்கிறோம். அந்த ஐந்து நிமிடம் என்ன செய்கிறீர்கள்? போன் பார்க்கிறீர்கள், மறுபடி கழுத்தைக் குனிந்து. எழுந்து நில்லுங்கள். இரண்டு கைகளையும் இடுப்பின் பின்னால் வைத்து மெதுவாகப் பின்னால் வளையுங்கள். தோள்பட்டைகளைப் பின்னால் இழுத்து, மோவாயை உள்ளே தள்ளிப் பத்து எண்ணுங்கள். பல் அச்செடுக்கும் அல்ஜினேட் உறைய இரண்டு மூன்று நிமிடம், எக்ஸ்ரே எடுக்க ஒரு நிமிடம், ஃபில்லிங்கை இறுக வைக்கும் கியூரிங் லைட் 20 நொடி. லைட்டை அசிஸ்டன்ட் பிடித்தால் அந்த 20 நொடியும் உங்களுடையது. வளைவது எப்போதும் வேலை செய்த திசைக்கு எதிராக இருக்கட்டும். வலப்பக்கம் சாய்ந்து செய்தீர்கள் என்றால் இடப்பக்கம் சாய்ந்து எழுங்கள்.

அப்பாயின்ட்மென்ட் போடும்போது இரண்டு பெரிய ரூட் கெனாலை அடுத்தடுத்து வைக்காமல், நடுவில் ஒரு தையல் பிரிப்பதோ செக்கப்போ வையுங்கள். என் வரவேற்பாளருக்கு இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு மாலை நேரங்கள் மாறிவிட்டன.

பல கிளினிக்குகளுக்குப் போகும் கன்சல்டன்ட் நான். சேரை நான் தேர்ந்தெடுக்க முடியாதே?

உங்கள் நிலைமைதான் மிகக் கடினம். பையில் ரூட் கெனாலுக்கான எண்டோமோட்டாரும் ஃபைல்களும் சுமந்துகொண்டு டூவீலரில் போய், ஒவ்வொரு நாளும் வேறு சேர், வேறு ஸ்டூல். இருந்தாலும் முதல் இரண்டு நிமிடம் உங்களுடையது. ஸ்டூல் உயரம், சேர் உயரம், லைட் இவற்றை மாற்றாமல் கையுறை போடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். லூப்ஸோடு ஹெட்லைட்டும் வாங்கிவிட்டால் எந்தக் கிளினிக்கின் மங்கல் விளக்கையும் நம்ப வேண்டாம். பையை ஒற்றைத் தோளில் மாட்டாதீர்கள்.

பள்ளிக்கூட கேம்புகளுக்கும் இதே பேச்சு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த குழந்தையின் வாயை நாற்பது தரம் குனிந்து பார்ப்பதைவிட, ஹெட்மாஸ்டரிடம் ஒரு மேசை கேட்டு வாங்கி, குழந்தையை அதில் படுக்க வைத்து நீங்கள் தலைப்பக்கம் உட்காரலாம்.

ஜிம்முக்குப் போகலாமா?

போகலாம். வலி கடுமையாக இருக்கும் வாரத்தில் வேண்டாம். முதலில் தேவை பலத்தைவிடத் தாங்கும் திறன்: முன்கழுத்தின் ஆழத் தசைகள், தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளவை, வயிற்றுச் சுற்றுத் தசைகள். ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் கட்டி இழுக்கும் ரோயிங், தரையில் பிளாங்க், கதவு நிலையில் கை வைத்து நெஞ்சை விரிப்பது, தினமும் அரை மணி நடை. நெஞ்சுத் தசையும் மேல் தோளும் ஏற்கெனவே இறுகிக் கிடக்கின்றன. பளு தூக்குவதை அவற்றில் தொடங்காதீர்கள்.

எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் வீங்கியிருக்கிறது என்றார்கள். தொழிலை விட வேண்டுமா?

பயப்படாதீர்கள். எந்த வலியும் இல்லாதவர்களின் கீழ் முதுகு ஸ்கேன்களை 2015இல் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது; 80 வயதில் 96 சதவீதம். ஸ்கேன் படமும் உங்கள் வலியும் பொருந்துகின்றனவா என்று ஒருவர் உங்களைத் தொட்டுப் பரிசோதித்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் கை பலம் குறைந்து கருவி நழுவினால், நடை தடுமாறினால், சிறுநீர் மலம் கட்டுப்பாட்டில் மாற்றம் வந்தால், படுத்தாலும் தீராத வலியோடு காய்ச்சலோ எடைக் குறைவோ இருந்தால் அன்றைக்கே போங்கள். அப்பாயின்ட்மென்ட்களைக் கேன்சல் செய்யுங்கள்.

மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டலாமா?

நோயாளிக்கு எழுதும் அதே வலி மாத்திரை, அசிக்ளோஃபினாக், நம் மேசை டிராயரில் சாம்பிளாகக் கிடக்கிறது. எடுத்து விழுங்குவது மிக எளிது. நானும் மாதக்கணக்கில் செய்தேன். வயிற்றையும் சிறுநீரகத்தையும் பற்றி நோயாளிக்கு நாம் சொல்லும் எச்சரிக்கை நமக்கும் பொருந்தும். அதைவிட, வலி மறைந்த உடம்போடு அதே கோணத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் இப்போது வருத்தமாக இருக்கிறது. கழுத்துக் காலரும் அப்படித்தான். மருத்துவர் சொல்லாமல் நாள் கணக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அசிஸ்டன்டுக்கும் இந்த வலி வருமா?

வரும். சக்‌ஷனைப் பிடித்தபடி, நம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு, ஒற்றைக் காலில் சாய்ந்து மணிக்கணக்காக நிற்பவர் அவர். அசிஸ்டன்ட் நம்மைவிட 10 முதல் 15 செ.மீ. உயரத்தில், கால் வைக்க வளையமுள்ள ஸ்டூலில் உட்கார வேண்டும் என்பதுதான் நான்கு கை முறையின் விதி. நம் ஊர்க் கிளினிக்குகளில் அந்த இரண்டாவது ஸ்டூலை நான் மிக அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

என்னோடு ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்த்த அக்காவிடம், என் கழுத்து சரியாகி ஒரு வருடம் கழித்துத்தான் கேட்டேன், "உங்களுக்கு எங்கேயாவது வலிக்குதா?" என்று. குதிகாலும் இடுப்பும் வலிக்கிறது, ராத்திரி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டுதான் தூங்குகிறேன், டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன் என்றார். மறுவாரம் ஸ்டூல் வாங்கினோம். முதல் இரண்டு நாள் டாக்டர் முன்னால் உட்காரக் கூச்சப்பட்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவரே உயரத்தைச் சரிசெய்துகொண்டு, "சார், நீங்க இன்னும் கொஞ்சம் பன்னிரண்டு மணிக்குப் போங்க, எனக்கு வாய் தெரியல" என்றார்.